பிரேசில் கம்பளமும் உன் அப்பாவின் வலது கையும்

மகனே, இதைக் கடையில் வைத்துப் பிரிக்காதே. உன் புது வீட்டுக்குப் போய், போனை அணைத்துவிட்டு, இருந்து வாசி. கலியாணத்துக்கு ஐந்து கிழமை இருக்கும்போது தாய் மகனுக்கு எழுதுவது வாழ்த்தாக இருக்க வேண்டும். இது வாழ்த்து அல்ல. போன சனிக்கிழமை வெள்ளவத்தைக் கடையில் நீ செய்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நேரில் சொல்லலாம் என்று இரண்டு தரம் உன் தொடர்மாடி வாசல் வரைக்கும் வந்து திரும்பினேன். சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன். அழுதால் நீ என்னைக் கட்டிப்பிடித்து ஆற்றுவாய். இருபத்தைந்து வருடமாக நான் சொல்லாமல் வைத்திருந்தது இன்னொரு தரம் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும்.

சனிக்கிழமை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உனக்கு அது வேறு மாதிரி ஞாபகம் இருக்கும். ஹோட்டல் ஓடருக்கான பன்னிரண்டு கதிரைகளும் வரிசையில் நின்றன. அறுபதுகளின் பாணியில் ஒல்லியான சாய்ந்த கால், வட்ட முதுகு; தோடம்பழச் செம்மஞ்சள், கடுகு மஞ்சள், மயில் நீலம். பின்சுவரில் அவற்றுக்கென்று தைத்த கம்பளி ஓவியம், ஆளுயர இலைகளும் சிவப்புச் சூரியனுமாகத் தொங்கியது. அப்பாவின் காலத்திலிருந்து எங்களோடு வேலை செய்கிற பியதாச ஒரு கதிரைக்கு மயில் நீலத்துக்குப் பதிலாகப் பச்சைத் துணி போட்டுவிட்டான். அவ்வளவுதான். நீ துணி வெட்டும் கத்தியை எடுத்து அந்த இருக்கையைக் குறுக்காகக் கிழித்தாய். ஸ்பொஞ்ச் வெளியே பிதுங்கியது. "மஹத்தயா, நான் திரும்பப் போட்டுத் தாறன், பின்னேரத்துக்குள்ள முடிச்சிருவன்" என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதிரையைத் தலைக்கு மேலே தூக்கி எறிந்தாய். அது அவன் தோளை உரசிக்கொண்டு போய் முன்பக்கக் கண்ணாடியில் விழுந்தது. அறுபது வயது மனிதன் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குந்தினான். அவன் முகத்தில் ஆச்சரியம் இருக்கவில்லை. அதை நீ கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

நீ கலியாணம் செய்யப்போகிற கீர்த்தனா ஓடி வந்து உன் கையைப் பிடித்தாள். "என்ன செய்யிறீங்கள்? விசரா உங்களுக்கு?" என்றாள். நீ அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாய். "நீ இதுக்குள்ள வராதே" என்றாய். நாலு நொடி இருக்குமா? நாலு நொடிதான். பிறகு கையை விட்டாய், தலையைத் தடவினாய், சிரித்தாய். பக்கத்து பேக்கரியில் எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தாய். பியதாசவுக்கும் ஒரு துண்டு கொடுத்தாய், அவன் உள்ளங்கையில் இரத்தம் காயவில்லை. பின் அறையில் நான் கீர்த்தனாவின் கையைத் தண்ணீரில் பிடித்தேன். காப்பு அழுத்திய இடத்தில் தோல் வட்டமாகச் சிவந்திருந்தது. "பரவாயில்லை அன்ரி. அவருக்கு ஓடர் ரென்ஷன்" என்றாள். கலியாணமாகி மூன்றாம் மாதம், வீங்கிய உதட்டோடு நான் என் அக்காவிடம் சொன்னதும் இதேதான். ஓடர் என்ற சொல்லைக்கூட அவள் மாற்றவில்லை.

அன்று என்னை வீட்டில் இறக்கிவிடும்போது நீ காருக்குள் ஒன்று சொன்னாய். "அப்பாவின்ர கோவம்தான் எனக்கும் வந்திருக்கு, அம்மா. பாவம் மனுசன். கை போனதாலதான் அவருக்கு அந்தக் கோவம்." வீட்டுக்கு வந்து குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றேன். அந்தக் கதையை உனக்குக் கட்டிக் கொடுத்தவள் நான். கொட்டாஞ்சேனை வேலைத்தளத்தில் லொறியிலிருந்து இறக்கிய பாரமான சோபா செற்றி அப்பாவின் வலது கையில் விழுந்தது, நல்லாக இருந்த மனுசன் அதற்குப் பிறகு கோபக்காரர் ஆனார். அதைத்தான் நான் சொன்னேன், நீ நம்பினாய். உண்மை தலைகீழாக இருக்கிறது. அடி முதலில் வந்தது. கை போனது பிறகு. செற்றி ஒன்றும் விழவில்லை. அந்தக் கையை உடைத்தவள் நான்.

வாசிப்பதை நிறுத்தாதே.

உன் அப்பா கொட்டாஞ்சேனையில் வேலைத்தளம் வைத்திருந்தது உனக்குத் தெரியும். நாட்டை விட்டுப் போகிற வெளிநாட்டுக்காரரின் தளபாடங்களை மொத்தமாக வாங்கி, உடைந்ததை ஒட்டி, புதுத் துணி போட்டு விற்பார். நான் மெத்தை உறைகள் தைத்தேன். முதல் அடி ஒரு உறையின் ஓரத்துக்கு நான் வைத்த நூல் நிறத்துக்காக விழுந்தது. சாம்பல் கேட்டிருந்தார், நான் மஞ்சள் வைத்தேன். மஞ்சள்தான் நல்லாக இருந்தது, அதுவும் அவருக்குத் தெரியும். புறங்கையால் வாயில் அடித்தார். அதன் பிறகு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனதற்கு அடி, வாசலில் நின்று கதைத்ததற்கு அடி, கதைக்காமல் இருந்ததற்கும் அடி. செற்றிக்கு அடியில் இழுத்துக் கட்டுகிற அகலமான ரப்பர் பட்டி இருக்கிறதே, அதால் முதுகில் அடித்தால் சட்டைக்கு வெளியே தெரியாது. அதை அவர் கண்டுபிடித்த நாளிலிருந்து என் முகம் தப்பியது. நீ பிறந்த பிறகு நான் அடி விழப்போவது தெரிந்தால் ரீவீயைச் சத்தமாகப் போட்டுவிட்டு உன்னை அதற்கு முன்னால் இருத்துவேன். நீ கார்ட்டூன் பார்த்துச் சிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே எனக்கு அடி விழும். நல்ல தாய் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

உனக்கு எட்டு வயதாக இருக்கும்போது கறுவாத்தோட்டத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாவின் வீட்டுச் சாமான் வந்தது. கணவனின் வேலையால் பிரேசிலில் பல வருடம் இருந்தவ. அப்படியான தளபாடத்தை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. எங்கள் வீடுகளில் கதிரை என்றால் கறுப்புத் தேக்கு, வெள்ளை உறை. செத்த வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் ஒன்றுதான். இவை தோடம்பழ நிறத்தில் தொப்பை வைத்தது போல உருண்டு இருந்தன. கருஞ்சிவப்பு மரத்தில் தோல் தொட்டில் போலத் தொங்கிய ஒரு கதிரை, எலுமிச்சை மஞ்சளில் ஒரு மேசை. எல்லாவற்றுக்கும் கடைசியாக, சுருட்டிக் கயிறு கட்டிய ஒரு சுவர்க் கம்பளம். எட்டடி அகலம். கறுப்புப் பின்புலத்தில் வாழையிலையை விடப் பெரிய இலைகள், நடுவில் இரத்தச் சிவப்பில் சூரியன், மஞ்சள் அலகு வைத்த நீலப் பறவைகள். நெய்தது என்று நினைத்துத் திருப்பிப் பார்த்தேன். கித்தான் துணியில் கம்பளி நூலால் ஊசி கொண்டு தைத்திருந்தார்கள். பாஹியா என்ற ஊரில் ஓவியர் ஒருவர் வரைந்து கொடுக்க, பட்டறையில் பெண்கள் வட்டமாக இருந்து தைத்தது என்று அந்த அம்மா சொன்னா. ஒரு மூலையை எலி தின்றிருந்தது. உன் அப்பா அதை லொறியில் கண்ணாடி மேசைக்குப் போர்வையாகப் போட்டார். நான் கேட்டு எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஏழு மாதம் நான் அந்த மூலையைத் தைத்தேன். பின்பக்கத்தில் நூல் எந்தப் பக்கம் போய் எந்தப் பக்கம் வருகிறது என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தே தையலைப் பிடித்தேன். கடையில் அந்த நூல் இல்லை. புறக்கோட்டை நடைபாதையில் குவித்து வைத்து விற்கிற பழைய ஸ்வெட்டர்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து, அவிழ்த்து, கழுவி, சாயம் போட்டேன். நீலம் சரியாக வருவதற்கு மட்டும் ஒன்பது ஸ்வெட்டர் போனது. அதைத் தைக்கும்போது என் முதுகு எரிவது எனக்குத் தெரியாது. அந்த நிறங்கள் என்னை விடவில்லை. கதிரைகளுக்கும் துணி நான் தெரிந்தெடுக்கத் தொடங்கினேன். பச்சைக்குப் பக்கத்தில் தோடம்பழம், நீலத்துக்கு மேலே கடுகு. பியதாச சிரிப்பான். "நோனா, இது பெரஹரா ஊர்வலம் மாதிரி இருக்கு" என்பான். ஆனால் சாமான் வந்த கிழமையே விற்றுப் போனது. உன் அப்பா அதைக் கண்டும் காணாத மாதிரி இருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நீ பள்ளிக்கூடத்தில். வீடு கட்டும் படம் வரைகிற ஒரு முஸ்லிம் பெண் வேலைத்தளத்துக்கு வந்தா. கம்பளத்துக்கு முன்னால் நின்று, நான் தைத்த மூலை எது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றா. "இந்தக் கலர் எல்லாம் யாரு சேத்தது?" என்று கேட்டா. உன் அப்பா வாயைத் திறக்க முதல் பியதாச என்னைக் காட்டினான். அவ நேரே என்னிடம் வந்தா. "எனக்கு இதே மாதிரி மூணு செஞ்சு தருவீங்களா? உங்க பேரையும் மூலையில தைச்சுப் போடுங்க" என்றா. நான் ஓம் என்றேன். என் கலியாண வாழ்க்கையில் அவரைக் கேட்காமல் நான் சொன்ன முதல் ஓம் அதுதான்.

அவ போன பிறகு உன் அப்பா முன்கதவைச் சாத்தினார். கத்தியை எடுத்துக்கொண்டு போய், சூரியனின் நடுவில் குத்தி, இரண்டு கையாலும் கீழே இழுத்தார். கித்தான் கிழிகிற சத்தம் மிருகம் கத்துவது போல இருந்தது. பிறகு என்னிடம் வந்தார். என் தலைமயிரைச் சுற்றிப் பிடித்து, முகத்தை வெட்டு மேசையில் அடித்தார். ஒரு தரம், இரண்டு தரம். வாய்க்குள் பல் கழன்று உருண்டது. கத்தி நுனியைக் காதுக்குக் கீழே வைத்து, "இனி ஊசி பிடிச்சியெண்டால் ஒவ்வொரு விரலா எடுப்பன்" என்றார். பியதாச "எபா மஹத்தயா, எபா! வேண்டாம்!" என்று கத்திக்கொண்டு வந்து அவரைப் பின்னால் இழுத்தான். அவர் அவனை உதைத்தார். அவன் போய்க் கதிரைகளுக்கு மேல் விழுந்தான். அந்த ஒரு கணம் உன் அப்பாவின் கத்தி பிடித்த கை மேசையில் ஊன்றியிருந்தது. கதிரைக்குக் கால் இறுக்குகிற பெரிய மரச்சுத்தியல் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்து அடித்தேன். கத்தி விழுந்தது. அவர் முழங்காலில் விழுந்தார்.

அதோடு நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்தை இன்னும் முன்னமே எழுதியிருப்பேன். அவர் கத்தியை எடுக்கவில்லை. எழும்பவும் இல்லை. கையை மேசை விளிம்பில் வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி என்னைப் பார்த்தார். என்னால் விலகிப் போக முடிந்திருக்கும், கதவு நாலு எட்டுத் தூரத்தில் இருந்தது. நான் சுத்தியலை இரண்டு கையாலும் தூக்கி, அதே இடத்தில் திரும்பவும் அடித்தேன். எலும்பு நொறுங்குவது கைப்பிடி வழியாக எனக்குத் தெரிந்தது. முதல் அடி உயிருக்குப் பயந்து அடித்தது. இரண்டாவது அடியை நான் விரும்பி அடித்தேன். மகனே, அது எனக்குப் பிடித்திருந்தது. உடம்பெல்லாம் இலேசாகிப் போனது. வாயில் இரத்தத்தோடு நான் சிரித்தேன் என்று பியதாச பிறகு சொன்னான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டபோது பியதாசதான், "செற்றி விழுந்தது" என்றான். என் வாய்க்கு என்ன நடந்தது? "நோனா பிடிக்கப் போய் விழுந்தா." உன் அப்பா படுத்தபடி கண்ணை மூடிக்கொண்டு, "ஓம்" என்றார். மனைவி கையை உடைத்தாள் என்று சொல்ல அவரால் முடியாது. கணவனை உடைத்தேன் என்று சொல்ல என்னால் முடியாது. மூன்று பேரும் அந்தப் பொய்யைப் பங்கு போட்டு எடுத்துக்கொண்டோம். அவர் விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. நாலு வருடத்துக்கு முன்னால் சாகும் வரைக்கும் அவர் என்னை அடிக்கவில்லை. கத்தினார், இடது கையால் சோற்றுக் கோப்பையை எறிந்தார். நீ கண்டது அதைத்தான். உனக்கு ஞாபகம் இருக்கிற அப்பா, அடிக்க முடியாமல் போன அப்பா.

இன்னுமொன்று. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வந்து இரண்டாம் நாள், "நீங்கள் செற்றியைச் சரியாப் பிடிக்கேல்லையோ, அம்மா?" என்று நீ கேட்டாய். குற்றமாகக் கேட்கவில்லை, சின்னப்பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டாய். நான் உன்னை அறைந்தேன். கை ஓயும் வரைக்கும் அறைந்தேன். உன் மூக்கால் இரத்தம் வந்து பள்ளிக்கூடச் சட்டையில் விழுந்தது. நீ அழவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அடிப்பது எவ்வளவு இலகு என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தது. உன் மேல் அது வந்து விழுந்தது. அடுத்த நாள் உனக்குக் கேக் வாங்கிக் கொடுத்தேன். சனிக்கிழமை பேக்கரிப் பெட்டியோடு நீ உள்ளே வந்தபோது, அந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே அப்பாவின் கோபம் உனக்கு வந்திருக்கிறது என்று சொல்லாதே. கோபம் மூக்கு மாதிரி, மச்சம் மாதிரிப் பிறப்போடு வருவதில்லை. உன் அப்பா தன் வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளரைக்கூட அடித்ததில்லை. வேலைத்தளத்துக்கு வந்து தூசணத்தால் ஏசிய வீட்டுக்காரனுக்குக் கைகட்டி நின்றார். நீயும் அப்படித்தான். அந்த ஹோட்டல்காரன் மூன்று தரம் ஓடரை மாற்றினான். நீ அவனுக்கு முன்னால் கதிரை எறிந்தாயா? "நோ ப்ரொப்ளம் சேர்" என்றுதான் சொன்னாய், நான் பக்கத்தில் நின்றேன். உன் கைக்கு யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக்கூடாது என்று நன்றாகத் தெரியும். தெரிந்து அடிப்பதற்குக் கோபம் என்று பெயர் இல்லை. பியதாசவை அடிக்கலாம், அவன் திருப்பி அடிக்க மாட்டான். கீர்த்தனாவை முறுக்கலாம், அவள் பரவாயில்லை என்பாள். என் கையும் அப்படித்தான் எட்டு வயதுப் பிள்ளையைத் தெரிந்தெடுத்தது.

போன மாதம் பத்திரிகைக்காரப் பிள்ளை வந்தபோது, கடையின் நிறங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டாள். "அப்பாவின்ர கண்" என்று சொன்னாய். படத்தோடு வந்தது. நான் அதை மடித்து வைத்திருக்கிறேன். அப்பாவுக்குச் சாம்பலும் கறுப்பும் தவிர வேறு நிறம் பிடிக்காது. கை போன பிறகு வேலைத்தளத்தை நடத்தியது நானும் பியதாசவும். பெயர்ப்பலகையில் அவர் பெயரையே இருக்க விட்டேன். நான் உடைத்த கைக்கு அது நட்டஈடு என்று நினைத்தேன். அது பிழை. உனக்கு ஒரு பொய்யான அப்பாவைக் கொடுத்தேன். நீ அவரைப் போல வர ஆசைப்பட்டாய்.

பியதாசவிடம் போ. கேக் கொண்டு போகாதே. அவன் வீட்டில், அவன் பிள்ளைகளுக்கு முன்னால், செய்தது என்ன என்று சொல்லி மன்னிப்புக் கேள். கோபம் வந்தது என்று சொல்லாதே. எறிந்தேன் என்று சொல். அவன் உன் அம்மாவின் உயிரைக் காப்பாற்றியவன். அதற்குப் பிறகு இத்தனை வருடம் அந்த மேசையில் நின்று உன்னைப் படிப்பித்தவன். உன்னைத் திருத்துவதற்கு யாரிடமாவது போக வேண்டுமென்றால் போ. பம்பலப்பிட்டியில் அப்படி ஒரு மனநல டொக்டர் இருக்கிறாராம், கேட்டு வைத்திருக்கிறேன். வெட்கம் என்று நினைத்தால், நான் வெட்கப்பட்டு மறைத்ததன் பலனைச் சனிக்கிழமை கண்ணாடித் துண்டுகளோடு நீயே கூட்டி அள்ளினாய்.

கடைசியாக ஒன்று. இது உனக்குக் கோபத்தை வரவழைக்கும், அதனால் நின்று வாசிக்காமல் இருந்து வாசி. நேற்றுப் பின்னேரம் கீர்த்தனாவின் வீட்டுக்குப் போனேன். இதில் எழுதிய எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன், இரண்டாவது அடியையும் சேர்த்து. அவளுடைய அம்மா குறுக்கே கதைக்கப் பார்த்தா. அவள் "அம்மா, பேசாமல் இருங்கோ" என்றாள். நான் முடித்த பிறகு அவள் கேட்டாள்.

"அன்ரி, இது அவருக்குத் தெரியுமா?"

"இல்லைப் பிள்ளை."

"எனக்கு முதல் அவருக்குச் சொல்லியிருக்கலாம்."

"அவனுக்கு முதல் சொல்லியிருந்தால், உனக்குச் சொல்ல அவன் விட்டிருப்பானா?"

அவள் மணிக்கட்டைத் தடவினாள். "சனிக்கிழமை முதல் தரம் இல்லை, அன்ரி" என்றாள். மூன்றாவது தரம் என்றாள். மற்ற இரண்டையும் எனக்குச் சொன்னாள். நான் இங்கே எழுதவில்லை, உனக்குத் தெரியும்.

கலியாணத்தை நிற்பாட்டச் சொன்னாள். முறித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. "இப்ப ஏலாது" என்றாள். "அவர் என்ன செய்யிறார் எண்டு பாத்திட்டுத்தான் பிறகு சொல்லுவன். எத்தினை மாதம் எண்டு கேக்காதேங்கோ." நான் கேட்கவில்லை. இன்று காலை மண்டபத்துக்கு நான்தான் போன் எடுத்து வேண்டாம் என்று சொன்னேன். ஐயருக்கும் சொல்லிவிட்டேன். ஆட்கள் காரணம் கேட்டால் என்னிடம் அனுப்பு, நான் பதில் சொல்கிறேன்.

அவளுக்குப் போன் எடுக்காதே. விரும்பினால் அவளே எடுப்பாள், எடுக்காமலும் விடுவாள். கோபம் வந்தால் என்னிடம் வா. நான் வீட்டில்தான் இருக்கிறேன். கதவு பூட்டியிருக்காது, சோறு இருக்கும். கதைக்க வந்தாயென்றால் விடியும் வரைக்கும் கதைப்போம். நீ எதைக் கேட்டாலும் மறைக்காமல் சொல்லுவேன். கையை ஓங்கிக்கொண்டு வந்தாயென்றால், நான் சுத்தியல் எடுக்க மாட்டேன். எனக்கு அந்த வயது போய்விட்டது. ஆனால் யார் அடித்தது என்று டொக்டர் கேட்டால், இந்த முறை உன் பெயரைச் சொல்லுவேன்.

அம்மா